கோச்சி ஏறிய மலையில் கால்நடையாக

கிளிநொச்சியில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு ரயில்பாதை என்றால் நடக்கிற பாதை. கோச்சி என்கிற ரயில் அம்மம்மாவின் கதைகளில் மட்டும்தான் ஓடியது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே யாழ்தேவி நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன, போரில் இரு தரப்பும் கழற்றின, யார் கூடக் கழற்றியது என்ற கணக்கு இப்போது எதற்கு. மிஞ்சியது சல்லிக்கல்லும் மண்ணுமாக ஓர் அணை. மாரி காலத்தில் இரண்டு பக்கமும் வயல்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்க அந்த அணை மட்டும் மேலே தெரியும்; பள்ளிக்கூடம் போகிறவர்கள், மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர்கள், விறகு கட்டிய சைக்கிளை உருட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் றோட்டு. 2013 செப்ரெம்பரில் ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. ஊரோடு போய் வேடிக்கை பார்த்தோம். நல்ல ஒரு நடைபாதை போய்விட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன மனக்குறையும் இருந்தது.

இந்தப் பழக்கத்தோடுதான் முதல்முறை மலைநாட்டு ரயில்பாதையில் நடந்தேன், ஓஹியவில் இறங்கி இதல்கஸ்ஹின்ன வரை, சுமார் பத்துக் கிலோமீற்றர். மலை என்றதும் மூச்சு வாங்கும், முழங்கால் நோகும் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே, ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கீழே பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளம், ஆனால் கால் மட்டும் முறிகண்டிப் பக்கம் அணையில் நடந்த மாதிரியே சும்மா போய்க்கொண்டிருந்தது. அது இறக்கத் திசை என்பது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று எதிரே ஏறி வந்தவர்களும் கதைத்துக்கொண்டேதான் வந்தார்கள். மலையில் நடக்கிறோம், ஆனால் மலை ஏறவில்லை. இது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

விடை எஞ்சினின் பலவீனத்தில் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு, அதனால்தான் சமதரையில் ஓர் எஞ்சின் பெரிய பாரத்தை இலேசாக இழுத்துக்கொண்டு போகிறது. அதே வழுக்கல் ஏற்றத்தில் எதிரியாகிவிடும். மழை பெய்து தண்டவாளம் நனைந்தால், அல்லது இலைகள் விழுந்து நசுங்கினால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகவே எஞ்சினில் மணல் பெட்டி வைத்திருப்பார்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவிப் பிடிமானம் கொடுக்க. லொறி ஏறுகிற ஏற்றத்தை ரயில் கனவிலும் நினைக்க முடியாது.

ஆகவே மலைநாட்டுப் பாதையில் ஏற்றத்துக்கு ஒரு எல்லை போட்டார்கள்: 44க்கு 1. அதாவது 44 மீற்றர் தூரம் போனால் ஒரு மீற்றர் உயரலாம், அதற்கு மேல் கூடாது. கேட்க ஒன்றும் இல்லாத ஏற்றம் போல் இருக்கும். ஆனால் ரயிலின் கண்ணால் பாருங்கள். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு 44 தொன் பாரத்துக்கும் ஒரு தொன் எடை பின்னால் இழுக்கிறது, ஆக முந்நூறு தொன் ரயில் ஒன்று ஏறும்போது ஏழு தொன்னுக்குக் கிட்ட யாரோ வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நீராவிக் காலத்தில் றம்புக்கணையில் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கொழுவித் தள்ளிக்கொண்டுதான் கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறினார்கள். நடக்கிற மனிதனுக்கோ 44க்கு 1 என்பது ஒரு கிலோமீற்றருக்கு 23 மீற்றர் மட்டுமே. அது காலுக்குத் தெரியாது. எஞ்சின் திணறுகிற ஏற்றம் எங்கள் காலுக்கு உலாத்தல்.

சரி, ஏற்றத்துக்கு எல்லை போட்டுவிட்டால் உயரத்துக்கு எப்படிப் போவது? தூரத்தை நீட்டித்தான். 1,800 மீற்றர் உயர வேண்டுமென்றால் 44 மடங்கு, கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர் பாதை வேண்டும், அதுவும் ஓரிடத்திலும் சமமாகவோ இறக்கமாகவோ போகாமல். உண்மையில் இடையில் இறக்கங்களும் ஸ்டேஷன்களும் வரும், அதனால் றம்புக்கணையிலிருந்து பட்டிப்பொல வரை 140 கிலோமீற்றர் அளவுக்கு நீள்கிறது. இவ்வளவு நீளத்தை மலைக்குள் எங்கே வைப்பது? மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான்.

வன்னிக்காரருக்கு இதை விளங்கப்படுத்த வாய்க்காலைக் காட்டினால் போதும். இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை யாரும் நேராக வெட்டுவதில்லை. நிலத்தின் மட்டம் பார்த்து, மேடு வந்தால் சுற்றி, பள்ளம் வந்தால் அணை கட்டி, தண்ணீர் நிற்கவும் கூடாது பாயவும் கூடாது என்று ஒரே சரிவில் கொண்டுவருவார்கள். மலை ரயில்பாதை அதே வேலைதான், தண்ணீருக்குப் பதில் ரயில், வாய்க்காலை விடப் பல மடங்கு சரிவு. மலையின் விலா வந்தால் ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணையும் கல்லையும் மறுபக்கம் நிரப்பி, ஒரு ரயில் நிற்கும் அகலத்துக்கு மேடை செய்தார்கள். மலை மூக்கை நீட்டினால் சுரங்கம் குடைந்தார்கள். ஓடை குறுக்கிட்டால் மதகோ பாலமோ. வளைவுகள் சில இடங்களில் நூறு மீற்றர் ஆரைக்குக் கிட்ட வரும்; ரயில்பாதைக் கணக்கில் அது பயங்கரமான வளைவு, ஜன்னலால் எட்டிப் பார்த்தால் உங்கள் ரயிலின் வாலையே நீங்கள் காணலாம். இத்தனைக்கும் இது ஐந்தரை அடி அகலப்பாதை, எங்கள் கிளிநொச்சியால் போகிற அதே அகலம். இவ்வளவு அகலமான பாதையை இவ்வளவு இறுக்கமாக வளைத்தது பெரிய பிடிவாதம்தான்.

நீலகிரி மலை ரயிலோடு பலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள். அங்கே குறுகிய பாதை, தண்டவாளங்களுக்கு நடுவில் பல் பதித்த இன்னொரு தண்டவாளம், எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து 12க்கு 1 என்ற ஏற்றத்தை ஏறும். அது ஏணி. எங்கள் மலைநாட்டில் பல் இல்லை, வெறும் சக்கரப் பிடிமானம்தான், அதனால்தான் இந்தச் சுற்று.

வேகமும் அதற்கேற்ற மாதிரித்தான். புதிதாகப் போட்ட வடக்குப் பாதையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ரயில் பறக்கிறது, வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிடலாம் போல் இருக்கும். நானுஓயாவிலிருந்து பதுளைக்கு 85 கிலோமீற்றர் வரும், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அவசரமாகப் போகிறவருக்குத் தலைவலி. நடக்கிறவருக்கு, பின்னால் வரும் ரயில் சைக்கிள் வேகத்தில் வருகிறது என்ற ஒரு ஆறுதல், ஆனால் அந்த ஆறுதலை நம்பக் கூடாது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பாதையை ஏன் போட்டார்கள் என்றால் கோப்பி. தேயிலை இல்லை. 1830களிலிருந்து கண்டியைச் சுற்றி மலையெல்லாம் கோப்பித் தோட்டமாக, அதைக் கொழும்புக்குக் கொண்டுபோகும் மாட்டுவண்டிகள் வாரக்கணக்கில் றோட்டில் கிடந்தன. தோட்டத் துரைமார் அரசாங்கத்தை நச்சரித்தார்கள். 1858இல் தேசாதிபதி ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார், 1864 டிசெம்பரில் அம்பேபுஸ்ஸ வரை ரயில் ஓடியது, 1867இல் கண்டி. பிறகு 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, அடுத்த வருடம் பண்டாரவளை. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. இதிலொரு வேடிக்கை இருக்கிறது. கண்டிக்கு ரயில் வந்த இரண்டாவது வருடம், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் வந்து அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் கோப்பியையே துடைத்துப் போட்டது. கோப்பிக்காகக் கேட்ட பாதை நானுஓயாவுக்கு ஏறி முடிக்கும்போது ஏற்றுவதற்குக் கோப்பி இல்லை, தேயிலைப் பெட்டிதான் இருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டதும் அதே 1867இல் என்பது தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.

இனி நடை. நடக்கிறவர்கள் விரும்பிப் போகும் துண்டுகள் மூன்று நான்கு இருக்கின்றன, எல்லாவற்றையும் சமமாகச் சொல்ல எனக்கு மனமில்லை, பிடித்ததை நிறையச் சொல்கிறேன்.

பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 1,898 மீற்றரில் பாதையின் உச்சி வருகிறது, பலகை நட்டிருப்பார்கள். அங்கிருந்து ஓஹியவுக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கம், அதற்குள் நுழையும்போது மூடுபனியும் தூறலும், வெளியே வந்தால் சுள்ளென்று வெயில், இது எத்தனையோ பேர் சொன்ன கதை, எனக்கும் ஒருமுறை நடந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த முகடுதான் இலங்கையின் இரண்டு மழைகளைப் பிரிக்கும் வரம்பு. மேற்குப் பக்கத்துக்கு வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று மழையைக் கொட்டும். கிழக்கே ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும், அதற்கு மழை ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவத்தில்.

இப்போது யோசித்துப் பாருங்கள், அது யாருடைய நாட்காட்டி? எங்களுடையது. வன்னியில் மாரி பெய்யும்போதுதான் ஊவாவிலும் மாரி. நாங்கள் சோழகக் காற்றில் குளம் வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓஹியவுக்குக் கிழக்கே நடைக்கு அருமையான காலம். காலநிலைப் பக்கங்களைத் தேடிக் குழம்புவதைவிட, வீட்டு முற்றத்தில் நின்று பார்த்து, இங்கே வெயில் என்றால் அப்புத்தளைப் பக்கம் போகலாம், இங்கே வெள்ளம் என்றால் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். அட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது, அங்கே நேர்மாறு.

ஓஹிய முதல் இதல்கஸ்ஹின்ன வரையான துண்டுதான் எனக்குப் பெரிது. பெரும்பாலும் கூடப் போகும் றோட்டு கிடையாது, பல இடங்களில் தண்டவாளம் ஒன்றுதான் வழி, தோட்டத்து ஆட்களும் அதிலேதான் போய் வருகிறார்கள். வலது கைப் பக்கம் நிலம் அப்படியே விழுந்து, கீழே தெற்குச் சமவெளி நீல நிறத்தில் விரிந்து கிடக்கும். பதினான்கு சுரங்கங்கள் என்று சொல்வார்கள். சின்னது, பெரியது, வளைந்தது. நடக்கிறவரின் கால் படும் பாடு ஒன்று உண்டு: சிலிப்பர்க் கட்டைகள் அறுபது சென்ரிமீற்றர் அளவு இடைவெளியில் கிடக்கும், ஒவ்வொன்றாக மிதித்தால் குழந்தை நடை, ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் தாண்டல். பத்து நிமிடத்தில் தாளம் கெட்டுவிடும். வன்னி அணையில் கட்டை இல்லாமல் நடந்து பழகிய எனக்கு இந்த எரிச்சல் புதிது. தண்ணீர் வடியும் கானுக்கும் சல்லிக்கல்லுக்கும் இடையில் ஊரார் மிதித்து மிதித்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை ஓடும், அதைப் பிடித்துக்கொண்டால் நிம்மதி.

எல்லவிலிருந்து தெமோதரை வரையானதைப் பற்றி எழுதாதவர் இல்லை, படம் போடாதவர் இல்லை. ஒன்பது வளைவுப் பாலத்தில் இரும்பே இல்லை, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் அப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதை. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்து, தான் இப்போது தாண்டி வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் நுழைந்து போகும். உயரத்தை இறக்க இடமில்லாத ஒரு சிக்கலான பள்ளத்தாக்கில் பொறியியலாளர் திகைத்து நிற்க, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு யோசனை வந்ததாக அங்கே எல்லாரும் சொல்வார்கள். நல்ல கதை. கதைகளில் கங்காணியின் தலைப்பாகைக்கு இடமிருக்கிறது, பாறை உடைத்தவர்களின் பேர் மட்டும் ஒன்றுகூட வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ரயிலே இல்லாத ரயில்பாதையும் ஒன்று இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் ஓடியது, 1903, 1904இல் திறந்தது, சுமார் 30 கிலோமீற்றர். லொறியும் பஸ்ஸும் வந்து அதன் பிழைப்பைக் கெடுத்தன, 1940களில் மூடிக் கழற்றிவிட்டார்கள். இப்போது சில துண்டுகள் றோட்டாகிவிட்டன, சில மரக்கறித் தோட்டத்துக்குள் போய்விட்டன, சில நடக்கக்கூடிய வெறும் மேடையாக மலை ஓரத்தில் கிடக்கின்றன. தண்டவாளம் போன பின் அணை மிஞ்சும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் அங்கே நின்றபோது வேறெங்கும் இல்லாத ஒரு உரிமை எனக்கு வந்தது.

பீக்கோ ட்ரெயில் என்று ஒன்றைப் பலரும் கேட்கிறார்கள். அது கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி அட்டன், அப்புத்தளை, எல்லப் பக்கங்களைச் சுற்றி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கு மேல், 22 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பழைய தோட்ட றோட்டுகள், ரயில்பாதையை அங்கங்கே தொட்டும் வெட்டியும் போகும். முறையாக, அடையாளம் போட்ட பாதையில், சட்டத்துக்குள் நடக்க விரும்புகிறவர் அதைப் பிடிப்பதே நல்லது.

இங்கேதான் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஐயா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர். அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் இங்கே இருக்கிறார்கள். 1958இல் வந்தவர்கள், 73, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்து வந்தவர்கள், 77, 83 என்று வருடங்களைச் சொல்லியே ஆட்களை அடையாளம் காட்டலாம். காடு வெட்டிக் குடியேறிய எத்தனையோ பேருக்கு இன்னும் காணி உறுதி சரிவரவில்லை, அது வேறு கதை. நான் ஓஹிய படங்களைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்குக் காசு குடுத்தா போனீங்க தம்பி?" ரயில் ரிக்கெற்றுக்குத்தான் என்றேன். சிரித்தார். தோட்டத்தில் யாருக்கும் வருத்தம் கடுமையாகி றோட்டும் வண்டியும் இல்லாத நேரத்தில், கம்பளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு கோச்சி றோட்டாலேதான் ஸ்டேஷனுக்கு ஓடுவார்களாம், சுரங்கத்துக்குள் நுழைய முன் ஒரு பையனை முன்னால் அனுப்பிவிட்டு. அந்தப் பையனாக அவர் பலமுறை ஓடியிருக்கிறார். நான் உலாத்தின இடம் அவருக்கு அம்புலன்ஸ் பாதை.

ஆனால் அவருடைய பாட்டன் பூட்டன் மலைக்குப் போனது ரயிலிலும் இல்லை, அந்தப் பாதையிலும் இல்லை. எங்கள் வழியாக. மலைநாட்டு ரயில்பாதைச் சரித்திரத்தில் அதிகம் பேசாத பகுதி இதுதான், வன்னிக்காரர் ஒருவர் எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் பாவம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையானோர் தலைமன்னார், அரிப்புப் பக்கம் தோணியில் இறங்கி, மன்னார்க் காட்டால் மதவாச்சி, பிறகு மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். சுமார் 150 மைல். வடக்குப் பாதை என்று பேர். கங்காணி முன்னால், கூட்டம் பின்னால், தலையில் சட்டி பானை, இடுப்பில் பிள்ளை. வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் பாதையோரத்தில் எத்தனை பேரைப் படுக்க வைத்தன என்று சரியான எண்ணிக்கை சொல்ல ஆளில்லை, விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்துவிடும். மன்னார்ப் பக்கம் காட்டில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், வைகாசி வெயிலில் அங்கே நாலு மைல் தண்ணீர் இல்லாமல் நடந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நடந்து போனவர்கள்தான் பிறகு அந்த மலையில் சுரங்கம் குடைந்தார்கள், சல்லி உடைத்தார்கள், மேடை வெட்டினார்கள். பாதை போடும் கூலி வேலைக்கு வந்தவர்களிலும் பெரும்பகுதி தென்னிந்தியத் தமிழர்தான். நடந்து வந்த அந்த வடக்குப் பாதை 1899இல் மூடப்பட்டது, கொள்ளைநோய்ப் பயத்தில் எல்லாரையும் கொழும்பு வழியாகத் திருப்பினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும், தலைமன்னாரிலிருந்து மதவாச்சிக்கு ரயிலும் வந்த பிறகு அதே காட்டை மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்தபடியே கடக்க முடிந்தது. அந்தப் பாதையும் 1990இல் நின்று 2015இல்தான் மறுபடி ஓடியது. 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது எல்லாருக்கும் தெரிந்ததே, கப்பல் அதற்குப் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து 1980கள் வரை ஓடி நின்றது.

2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் அதே வழியில் நடந்தது. பதினாறு நாள். மன்னாரிலும் மடுப் பக்கமும் ஊராட்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். மலை ரயில்பாதையில் நடக்கிற நடையின் உண்மையான முதல் துண்டு ஓஹியவில் இல்லை, தலைமன்னாரில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது அப்போதுதான். இன்னும் ஒன்று: கிளிநொச்சி நகரத்துக்குள்ளால் போகும் ஏ9ஐ நாங்கள் கண்டி வீதி என்றுதான் சொல்வோம். அந்த றோட்டு யாழ்ப்பாணத்தில் முடிகிறது, கண்டியில் தொடங்குகிறது. கடைப் பலகையிலும் கடிதத்திலும் கண்டி வீதி என்று எழுதிக்கொண்டே, போர்க்காலம் முழுக்கக் கண்டியைக் காணாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள்.

போக விரும்புகிறவருக்கு வழி: வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ கண்டி பஸ்ஸில் ஏறிக் கண்டிக்குப் போய், பாதை திறந்திருந்தால் அங்கிருந்து பதுளை ரயிலைப் பிடிப்பது சுலபம். ரயிலிலேயே போக ஆசைப்பட்டால் பொல்காவலையில் மாற வேண்டும், வடக்கு ரயில்பாதை அங்கேதான் பிரிகிறது, ஆனால் நேரங்கள் ஒத்துவராது, நான் ஒருமுறை அங்கே ஒரு பகலை வாங்கில் உட்கார்ந்து போக்கியிருக்கிறேன்.

பிறகு அந்த ஆறுதல் விஷயம். ரயில்பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம். தோட்டத்து ஆட்கள் நடக்கிறார்கள், சுற்றுலாக்காரர் நடக்கிறார்கள், ஸ்டேஷனில் யாரும் பெரிதாகத் தடுப்பதில்லை, ஆனாலும் குற்றம்தான், விபத்து நடந்தால் கேட்க வாயில்லை. படம் எடுக்கப் போய்ச் செத்தவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக வரும் ரயில் இறக்கத்தில் எஞ்சினை முடுக்காமல் வரும், சத்தமே இருக்காது. வளைவும் சுரங்கமும் பாறைச் சுவரும் இருக்கிற சத்தத்தையும் விழுங்கிவிடும். மூடுபனி என்றால் கேட்கவே வேண்டாம். பகலில் ஓடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்கள்தான், ஆனால் அவை நேரத்துக்கு வருவதில்லை, ஒன்றரை மணித்தியாலம் பிந்திய ரயில் நேர அட்டவணை பார்த்து நடப்பவனுக்குத்தான் முதல் எமன்.

அதனால் அட்டவணையை நம்பாமல் ஸ்டேஷன் மாஸ்டரைக் கேளுங்கள். ஒற்றைப் பாதை என்பதால் இங்கே டெப்லெட் முறை பழக்கம்: இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம், அதற்கு அத்தாட்சியாக ஒரு உலோக வில்லையை வளையத்தில் போட்டு ட்ரைவரிடம் கொடுப்பார்கள். ஒரு வில்லை பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டால் அடுத்தது வராதபடி இரண்டு ஸ்டேஷன் பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். ஆகவே வில்லை வெளியே இருக்கிறதா என்பது தெரிந்தால் பாதையில் ரயில் இருக்கிறதா என்பது தெரியும். ஒரு ரயில் உங்களைத் தாண்டிப் போகும்வரை ஸ்டேஷனிலேயே இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அது போன பின் கிளம்புவதே புத்தி. சுரங்கத்துக்குள் பேச்சை நிறுத்துங்கள், டோர்ச் எடுங்கள், வாசலில் நின்று ஒரு நிமிடம் காது கொடுங்கள். நீளமானவற்றில் சுவரில் ஒதுங்கிக்கொள்ளக் குடைந்த இடங்கள் உண்டு, உள்ளே போகும்போதே அவை எங்கே என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். அதைப் பற்றி இதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை.

மண்சரிவுதான் உண்மையான பயம். ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பிய மேடை என்று சொன்னேன் அல்லவா, வெட்டிய பக்கம் எப்போதும் கீழே வரப் பார்க்கும், நிரப்பிய பக்கம் எப்போதும் கழுவிப்போகப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது கான்களும் மதகுகளும்தான், அவற்றைத் துப்புரவாக வைத்திருக்க மழையிலும் பனியிலும் மண்வெட்டியோடு போகும் பாதைத் தொழிலாளர்கள்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது. அதே நாட்களில் இங்கே முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் குளங்கள் வான் பாய்ந்து எங்கள் வயல்கள் மூழ்கிக் கிடந்தன. ஒரே மாரி என்று மேலே எழுதியதை இப்படியும் பார்த்தோம். எந்தத் துண்டு திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் இனி யாரும் கிளம்ப வேண்டும்.

கடைசியாக ஐயாவிடம் சுரங்கக் கணக்கைச் சொன்னேன். எல்லாரும் பதினான்கு என்கிறார்கள், நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனேன், பதின்மூன்றுதான் வந்தது என்று. அவர் விரலை மடக்கி, கண்ணை மூடி, ஓஹியவிலிருந்து ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார், இது சின்னது, இது வளைஞ்சது, இதுக்குள்ள தண்ணி சொட்டும், என்று. பதினான்கில் நின்றார்.

"பேசிக்கிட்டே போயிருப்பீங்க தம்பி. திரும்பப் போய் எண்ணிட்டு வாங்க."